மீட்டர் கேஜ்

தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போன பிறகு
மிஞ்சிய மேட்டில்
ஒரு சைக்கிள் போகலாம்.
இரண்டும் போகலாம், முன்னும் பின்னுமாக.
சேர்ந்து போக முடியாது:
இடப்பக்கம் உடைமுள், வலப்பக்கம் சரிவு,
சரிவுக்குக் கீழே யாருடையதோ வாழை.

பிரமு முன்னால் போவாள்.
நாகர்கோவிலில் பழசாக வாங்கிய கியர் வண்டி,
ஏழில் மூன்றுதான் விழும்.
என்னுடையது மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த
விலையில்லா வண்டி.
அவள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போய்விட்டாள்,
கூடை முன்னால் அரசு முத்திரை என்னோடு வருகிறது.

கல்லிடைக்குறிச்சியில் ஐந்தே முக்காலுக்கு ஏறினால்
ஏழரைக்குள் திரும்பிவிடலாம்.
அவளுக்கு ஆஸ்பத்திரியில் மாடுகள் காத்திருக்கும்.
எனக்கு சொசைட்டியின் பூட்டு.

ஒன்றரை வருஷம்
அவள் முதுகோடு பேசியிருக்கிறேன்.
அவள் சொல்வது காற்றில் கழன்று
பாதிதான் என்னிடம் வரும்.
"...அத்தைக்கு சுகர் நானூறு..."
"...எருமைக்குள்ள கைய விட்டேன் பாரு, தோள் வரைக்கும்..."
மீதியை நானே போட்டு நிரப்பிக்கொள்வேன்.
முதுகுக்கும் முகம் உண்டு.
பொய் சொல்லும்போது
அவள் இடது தோள் கொஞ்சம் ஏறும்.

பழைய லைனின் பலகை ஒன்று
இன்னும் நிற்கிறது, மஞ்சள் உதிர்ந்து.
ஊது, கேட் வருகிறது என்று
வராத ரயிலுக்குச் சொல்லிக்கொண்டு.
அதைத் தாண்டும்போது
பிரமு இரண்டு தடவை பெல் அடிப்பாள்,
ஒருநாள்கூட விட்டதில்லை.
"சொன்னா கேக்கணும்லா" என்பாள்.

வாய்க்கால் பாலத்தில் நேற்று செம்மறிக் கூட்டம்.
சுடலைக்கண்ணு எங்களை ஓரம் போகச் சொல்வார் என்று பார்த்தால்
ஒரு குட்டியைத் தூக்கி
அவள் ஹேண்டில்பாரில் சார்த்தினார்.
வயிறு செண்டை மாதிரி இருந்தது.
சுண்டிப் பார்த்தாள்.
"நெல்லு தின்னுச்சா?"
"யாரு கண்டா."
"கடலெண்ணெ ஒரு கரண்டி குடுத்து நடக்க விடுங்க.
படுக்க விட்டுராதீங்க."
அதற்குள் ஒரு கிடா என் முன்சக்கரக் கம்பிக்குள்
மூக்கை விட்டு
எடுக்கத் தெரியாமல் நின்றது.

பாலத்துக்கு அப்பால்
மேடு புது லைனை ஒட்டி வளைகிறது.
அங்கேதான் அவள் திரும்பாமல் சொன்னாள்:
"ஏளா, எழுதிக் குடுத்துட்டேன்..."
அப்புறம் செங்கோட்டை பாசஞ்சர்.
பன்னிரண்டு பெட்டி. எண்ணினேன்,
வேறென்ன செய்ய.
கடைசிப் பெட்டி போனபோது
அவள் வாக்கியமும் போயிருந்தது.

எதை எழுதிக் கொடுத்தாள்.
மாறுதலா, வேலையே வேண்டாமென்றா,
அம்பாசமுத்திரம் கோர்ட்டிலா,
அண்ணன் நீட்டிய பத்திரத்திலா.
தோள் ஏறவில்லை.

கன்னடியன் கால்வாய்க் கரைக்கு இறங்கினால்
டிராக்டர் போகும் அகலம்.
அங்கே முட்டிக்கு முட்டி மிதிப்போம்.
பேச மாட்டோம். பழக்கம் அப்படி.
கார் நாற்றங்காலில் அரிவாள்மூக்கன்கள்
எதையோ தொலைத்ததுபோல் குனிந்து நடந்தன.
வெயில் எங்களிடம் இன்னும் வரவில்லை,
பின்னால் மலையுச்சியில் மட்டும் இருந்தது.

"கேட்டுச்சா?" என்றாள்.
"கேட்டுச்சு" என்றேன்,
அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே.
என் தோள் என்ன செய்ததோ.

திரும்பும்போது நான் முன்னால்.
முன்னால் போகிறவளுக்குப் பார்க்க முதுகு கிடையாது.
பாதை, வாய் நிறையக் காற்று,
ஒரு உள்ளான் எழுந்து எழுந்து
பத்தடி தள்ளி உட்கார்ந்தது.
ஒவ்வொரு நாளும் இவள்
இப்படித்தான் பேசியிருக்கிறாள்,
எதிரே யாருமே இல்லாமல்.

"போகாத" என்றேன்,
எங்கே என்று தெரியாமலே.
சத்தமாகத்தான் சொன்னேன்.
ஜல்லியில் டயர் அதைவிடச் சத்தம்.

பின்னால் பெல், இரண்டு தடவை.

பலகைக்கு இன்னும்
நூறடி இருந்தது.